விரிசல் மேல் ஒட்டிய கண்ணாடி

ஜனவரி 22

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உன் சளி விட்டதா? ஊர் முழுக்க ஊசி போடுகிற எனக்கு, சொந்தத் தம்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டு எங்கேயோ கிடக்கிறான் என்று நினைத்தால் ஆற்றாமையாக இருக்கிறது. வெந்நீர் குடி. தலையை நனைக்காதே.

போன வாரம் இங்கே நிலம் ஆடிற்று. ரேடியோவில் கேட்டிருப்பாய். நான் வார்டில் இருந்தேன். மருந்து பாட்டில்கள் எல்லாம் கம்பியோடு சேர்ந்து ஊஞ்சலாடின. எழுந்து நடக்கவே முடியாது என்று சாதித்துக்கொண்டிருந்த பதினோராம் கட்டில்காரர்தான் முதலில் வாசலுக்கு ஓடினார். யாருக்கும் ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தால், கீழே கடைக்குப் பின்னறையில் விரிசல். பக்கத்தில் பன்னிரண்டு மாடி எழும்பிக்கொண்டிருக்கிறதே, அதை ஒட்டிய சுவரில். மூலையிலிருந்து ஜன்னல் வரைக்கும் சாய்வாக ஓடுகிறது. உன் அத்தானைக் கூப்பிட்டுக் காட்டினேன். "சுவத்துக்கும் வயசாகுதுல்ல, சுருக்கம் விழாதா? உனக்கு விழலையா?" என்றார். அவரிடம் போய்க் கேட்டேனே, என்னைச் சொல்ல வேண்டும். பக்கத்துக் கட்டடத்து மேஸ்திரியோ, "உங்க வீடு பழசும்மா, நாங்க ஒண்ணும் பண்ணலை" என்று கேட்காமலே வந்து சொல்லிவிட்டுப் போனார்.

விஷயத்துக்கு வருகிறேன். பாப்பா கடிதம் போட்டிருக்கிறாள். கப்பலுக்குப் போன மாப்பிள்ளையிடமிருந்து ஒரு தகவலும் இல்லையாம். இனிமேல் வரும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. இவள் பிஸ்கட் கம்பெனிக்குப் போகும்போது குழந்தையை வீட்டுக்காரம்மாவிடம் விட்டுப் போகிறாள். அந்தம்மா வாண்டை அறையில் வைத்துப் பூட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கிறாளாம். "அம்மா, நான் அங்கேயே வந்துடட்டுமா?" என்று ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறாள். அதற்கு மேல் அந்தப் பக்கத்தில் எழுத்தே இல்லை.

மாடியில் எங்களுக்கே இடம் போதாது. வந்தால் அந்தப் பின்னறைதான். நீ மண்ணையும் கட்டடத்தையும் ஆட்டிப் பார்க்கிற வேலையில் இருக்கிறாய். சுற்றி வளைக்காமல் சொல்லு. பாப்பாவையும் குழந்தையையும் அந்த அறைக்குக் கூப்பிடலாமா, கூடாதா?

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அக்கா


பிப்ரவரி 6

அக்காவுக்கு,

சளி போய்விட்டது, இருமல் வந்திருக்கிறது. வெந்நீரும் குடிக்கிறேன். அத்தானைக் கேட்டதாகச் சொல். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அதை மட்டும் எழுதவே மாட்டேன் என்கிறாய்.

இப்போதைக்குக் கூப்பிடாதே. காரணம் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

இங்கே எங்கள் ஆராய்ச்சிக் கூடத்தில் ஒரு பெரிய பெட்டி நிறைய மண் வைத்திருக்கிறோம். அதன் மேல் இரும்பில் செய்த சின்னச் சின்னக் கட்டடங்கள். பெட்டியோடு சேர்த்து ஆட்டுவோம். சின்னக் கட்டடம் தனியாக நின்றால் ஒரு மாதிரி ஆடுகிறது. பக்கத்தில் கனமான, உயரமான ஒன்றை வைத்தால் அதே சின்னது வேறு மாதிரி, பல சமயம் இன்னும் மோசமாக ஆடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று தொடவே இல்லை. நடுவில் விரல் போகிற இடைவெளி இருக்கிறது. ஆனால் நிற்கிற மண் ஒன்று. தொய்ந்த கயிற்றுக் கட்டிலில் ஒரு தடியனோடு படுத்துப் பார், அவன் புரண்டால் உனக்குத் தூக்கம் போகும். மண் எவ்வளவு தளர்வோ அவ்வளவு மோசம். நம் தெரு குட்டையைத் தூர்த்த இடம் என்பது உனக்கே தெரியும்.

அந்தப் பன்னிரண்டு மாடியை நாம் தள்ளிவைக்க முடியாது. நம் சுவர் இன்னும் நகர்கிறதா, அன்றைக்கு விழுந்த விரிசலோடு நின்றுவிட்டதா என்பதைத்தான் பார்க்க முடியும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. அத்தானிடம் சொல்லி, மெல்லிய கண்ணாடியில் விரல் அகலத்துக்கு மூன்று துண்டு வெட்டச் சொல். விரிசலுக்குக் குறுக்கே மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று வைத்து, இரண்டு முனையிலும் சிமென்ட் குழைத்து ஒட்டிவிடுங்கள். கண்ணாடி வளையாது. சுவர் மயிரிழை நகர்ந்தாலும் உடைந்துவிடும். உடைந்தால் அந்த விரிசல் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அடுத்த ஆட்டத்தை அந்தச் சுவர் தாங்காது. அப்புறம் பாப்பா மட்டுமில்லை, நீங்களே அங்கே இருக்கக் கூடாது.

மே மாதம் வரைக்கும் பார்ப்போம். உடையாமல் இருந்தால் வரச் சொல்லலாம்.

பாசமுள்ள,
தம்பி


பிப்ரவரி 25

அன்புத் தம்பிக்கு,

இருமலுக்கு மருந்து வாங்கினாயா? முழங்காலைப் பற்றிக் கேட்டாய். மாடிப்படி ஏறும்போது மட்டும் அது இருப்பது தெரிகிறது.

நீ சொன்னபடி கண்ணாடி ஒட்டியாகிவிட்டது. உன் அத்தான் பிரேம் கடைக்காரர் என்பதால் அவரிடம் கண்ணாடி கேட்டால் பெருமைப்படுவார் என்று நினைத்தேன். அவருக்கோ மகா கோபம். "ஒடையுதான்னு பாக்கறதுக்கா கண்ணாடி வெட்டுவாங்க? நாப்பது வருஷமா ஒடையாம இருக்கணும்னு வெட்டிக்கிட்டிருக்கேன்!" என்றார். அப்புறம் அவரே உட்கார்ந்து, விளிம்பெல்லாம் தேய்த்து, படத்துக்கு மாட்டுகிற மாதிரி மூன்று துண்டு செய்து கொண்டுவந்தார். சிமென்ட்டையும் என்னைத் தொட விடவில்லை.

நீ சொன்னதை அப்படியே அவரிடம் சொன்னேன். உடைந்தால் பாப்பா வர முடியாது என்பதையும் சொன்னேன். வாண்டை அவர் இன்னும் கையில் தூக்கியதில்லை. பாப்பா அனுப்பிய ஒரே போட்டோவைக் கடையில் எல்லோர் படத்துக்கும் நடுவில் மாட்டி வைத்திருக்கிறார். யாரோ வந்து அந்த பிரேம் என்ன விலை என்று கேட்டதற்குச் சண்டைக்குப் போய்விட்டார்.

பாப்பாவிடமிருந்து மறுபடியும் கடிதம். குழந்தை பூட்டின கதவைத் தட்டித் தட்டிக் கை வீங்கிப் போயிருந்ததாம். படித்துவிட்டு அன்றைக்கு வார்டில் எனக்கு வேலையே ஓடவில்லை. சீக்கிரம் ஒரு முடிவு சொல்லடா.

அக்கா


மார்ச் 23

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே?

கண்ணாடி மூன்றும் முழுசாக இருக்கின்றன. டூட்டி முடிந்து வந்ததும் பையைக்கூட வைக்காமல் நேராகப் பின்னறைக்குத்தான் போகிறேன். காய்ச்சல்காரனின் சீட்டைப் பார்க்கிற மாதிரி மேலே, நடுவே, கீழே என்று வரிசையாகப் பார்ப்பேன். ஒரு கீறல் இல்லை.

வீட்டில் ஓர் அதிசயம். உன் அத்தான் எனக்கு முன்னால் எழுந்துவிடுகிறார்! கல்யாணம் ஆனதிலிருந்து நான் எழுப்பி எழுப்பித் தொண்டை போனதுதான் மிச்சம். இப்போது நான் கீழே வரும்போது டீ தயாராக இருக்கிறது. டீ வாயில் வைக்க விளங்காது, ஆனாலும் டீ. கட்டைவிரலில் ஒரு கட்டு வேறு. கேட்டால், "கண்ணாடிக்காரன் கையில ரத்தம் வராம பாலா வரும்?" என்கிறார்.

பக்கத்துக் கட்டடத்தில் வெளிப்பூச்சு நடக்கிறது. தூசி தாங்க முடியவில்லை.

அக்கா


ஏப்ரல் 9

அக்காவுக்கு,

கடிதம் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். இருமல் காய்ச்சலாக மாறிக் கொஞ்ச நாள் படுத்துவிட்டேன். இப்போது எழுந்து நடமாடுகிறேன். பக்கத்து அறைக்காரர் கஞ்சி வைத்துக் கொடுத்தார். கவலைப்படாதே.

கண்ணாடி உடையவில்லை என்று படித்ததும் பாதி பாரம் இறங்கிற்று. உண்மையைச் சொன்னால், ஒரு மாதத்துக்குள் உடைந்துவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். அவ்வளவு கனத்தை அந்த மண்ணில் ஏற்றியிருக்கிறார்கள். நான் நினைத்தது தப்பாகப் போனதில் எனக்கு இவ்வளவு சந்தோஷம் வந்தது இதுதான் முதல் தடவை. நகராமல் நின்றுவிட்டதை எங்கள் ஆட்கள் செத்த விரிசல் என்பார்கள். உன் விரிசல் செத்ததாகவே தெரிகிறது.

இன்னும் சிலதைக் கவனி. அந்த அறைக் கதவு, ஜன்னல் எல்லாம் சரியாகச் சாத்த வருகிறதா? இழுபறி இருக்கிறதா? நடுவில் ஏதாவது ஆட்டம் வந்தால் கண்ணாடியை உடனே போய்ப் பார்த்து எழுது.

அத்தான் டீ போடுகிறாரா! நிலநடுக்கத்தை நம்பலாம், இதை எப்படி நம்புவது?

தம்பி


மே 3

அன்புத் தம்பிக்கு,

காய்ச்சல் வந்ததை வந்தபோதே எழுதக் கூடாதா? கஞ்சி கொடுத்த அந்தப் புண்ணியவான் நன்றாக இருக்கட்டும்.

இங்கே பத்து நாளைக்கு முன்னால் சின்னதாக ஓர் ஆட்டம் வந்தது, விடிகிற நேரத்தில். சமையலறையில் இரண்டு தட்டு விழுந்தது. எனக்கோ படியில் இறங்கலாம் என்றால் முழங்கால் மடங்கவில்லை. உன் அத்தான்தான் முதலில் கீழே ஓடினார். நான் ஒவ்வொரு படியாகப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, "ஒண்ணும் ஆகலைடி, போய்ப் படு" என்றார். டூட்டி முடிந்து வந்து நானும் பார்த்தேன். மூன்றும் அப்படியே இருக்கின்றன. கதவு மட்டும் கொஞ்சம் இடித்தது. அவர் இழைத்துச் சரி செய்துவிட்டார்.

கண்ணாடி என்றால் உன் அத்தான் கண்ணாடிதான் போ. பக்கத்துத் தூசியில் அலமாரி, கட்டில், ஜன்னல் கம்பி எல்லாம் மாவு தூவினாற்போல் கிடக்கிறது. நான் துடைத்துத் துடைத்து அலுத்துப் போனேன். இந்த மூன்று துண்டு மட்டும் இன்றைக்கு ஒட்டினது மாதிரி பளபள என்று இருக்கிறது. அவரிடம் சொன்னால் எழுந்து கடைக்குள் போய்விட்டார். புகழ்ந்தால் கூச்சம் போலிருக்கிறது.

தம்பி, பாப்பாவுக்கு என்ன எழுதட்டும்? நீ சரி என்று சொன்னால்தான் கூப்பிடுவேன்.

அக்கா

மாப்பிள்ளை, உன் அக்கா கொஞ்சம் இடம் விட்டிருக்கிறாள். என் கண்ணாடி பரீட்சையில் பாஸ். சர்டிபிகேட் எப்போது தருவாய்? - அத்தான்


மே 21

அக்காவுக்கும் அத்தானுக்கும்,

இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு உடம்பு தேவலை. உங்கள் கடிதத்தைப் பக்கத்து அறைக்காரருக்கும் படித்துச் சொன்னேன். அத்தான் கண்ணாடியைப் பற்றி எழுதியிருந்ததற்கு இரண்டு பேரும் சிரித்தோம்.

அந்த ஆட்டத்துக்கும் கண்ணாடி உடையவில்லை என்றால் சுவர் நின்றுவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். பாப்பாவை வரச் சொல்லுங்கள். கட்டிலை மட்டும் எதிர்ச்சுவர் ஓரமாகப் போடுங்கள். விரிசலைச் சிமென்ட் வைத்து அடைத்துவிடுங்கள்.

அத்தான், சர்டிபிகேட் இதோ. நல்ல மதிப்பெண்.

தம்பி


ஜூன் 17

அன்புத் தம்பிக்கு,

உடம்பு தேறியிருக்கும் என்று நினைக்கிறேன். இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். எல்லோரும் என்று எழுதி எத்தனை நாளாயிற்று!

பாப்பா வந்துவிட்டாள். பாதியாக இளைத்திருக்கிறாள். வந்த முதல் இரண்டு நாளும் தூங்கிக்கொண்டே இருந்தாள். நான் எழுப்பவில்லை. வாண்டு முதலில் மூடிய கதவைப் பார்த்தாலே அலறினாள். உன் அத்தான் அந்தப் பின்னறைக் கதவைக் கழற்றியே வைத்துவிட்டார். இழைத்து இழைத்துச் சரி பண்ணின கதவு! இப்போது தாத்தாவும் பேத்தியும் கடையில்தான் நாள் முழுக்க. சட்டத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, "நான் போட்டோ, நான் போட்டோ" என்கிறாள். அவருக்கு வாயெல்லாம் பல்.

அவர்கள் வருவதற்கு முதல் நாளே கண்ணாடியைப் பெயர்த்து, விரிசலை அடைத்து, வெள்ளையும் அடித்துவிட்டார். சுவரைப் பார்த்தால் விரிசல் இருந்ததாகவே தெரியாது.

பாப்பா, "மாமாவுக்கு என்ன எழுதறதுன்னே தெரியலைம்மா, நல்லாயிருக்கேன்னு எழுது" என்கிறாள். இத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. நீ செய்த உபகாரம்.

அக்கா


ஜூலை 5

அக்கா,

நலம் விசாரிக்க நேரமில்லை. இதைப் படித்ததும் எல்லோரும் வீட்டை விட்டு வெளியே வந்துவிடுங்கள். மாடி, கடை எதுவும் வேண்டாம். ஆஸ்பத்திரிக் குடியிருப்பில் யாரிடமாவது இடம் கேள். காலையில் தந்தி ஆபீஸ் திறந்ததும் தந்தியும் கொடுக்கிறேன். தந்தியில் காரணம் எழுத முடியாது என்பதால் இந்தக் கடிதம்.

எங்கள் மண்பெட்டிக்கு ஒரு பக்கம் கண்ணாடி. ஆட்டும்போது உள்ளே மண் எப்படிப் போகிறது என்று பார்ப்பதற்காக. ஒரு வாரம் கூடத்தைப் பூட்டியிருந்தோம். இன்று திறந்தால் கண்ணாடிக்குப் பின்னால் ஒன்றுமே தெரியவில்லை, அவ்வளவு தூசி. துணியை நனைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். உன் மே மாதக் கடிதம் ஞாபகம் வந்தது. கையில் இருந்த துணியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அறை முழுக்கத் தூசி, மூன்று துண்டு மட்டும் பளபளப்பு என்று எழுதியிருந்தாய். நானும் சிரித்துக்கொண்டே படித்தேன். அக்கா, எந்தக் கண்ணாடிக்கும் அந்த மகிமை கிடையாது. அவை புதுக் கண்ணாடிகள். உடைந்ததை எடுத்துவிட்டு அத்தான் புதிது ஒட்டியிருக்கிறார், அதுவும் நீ எழுந்து வருவதற்கு முன்னால். எத்தனை தடவை என்று தெரியாது. கதவு இடித்தது என்று வேறு எழுதியிருந்தாய். அதையும் நான் தாண்டிப் போய்விட்டேன். அந்தச் சுவர் நிற்கவே இல்லை, நகர்ந்துகொண்டே இருந்திருக்கிறது.

அத்தானைத் திட்டாதே. அவர் ஏன் செய்தார் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முதலில் வெளியே வாருங்கள். கிளம்பியதும் ஒரு வரி எழுது.

தம்பி


ஆகஸ்டு 19

தம்பிக்கு,

உன் தந்தியும் கடிதமும் ஒரே நாளில் வந்தன. தபால் ஆபீஸ் திறக்கவே அத்தனை நாளாயிற்று. அதற்கப்புறம் நீ போட்ட தந்திகளும் வந்தன. பதில் எழுத எனக்குக் கை வரவில்லை.

பாப்பா போய்விட்டாள்.

நீ கடிதம் எழுதிய மறுநாள் காலையில் அந்தப் பெரிய ஆட்டம் வந்தது. முதல் நாள் ராத்திரி வாண்டுக்குக் காய்ச்சல். பாப்பா கண் மூடவில்லை. காலையில் நான் குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். பாப்பாவும் வருகிறேன் என்று செருப்பை மாட்டினாள். "ராத்திரி பூரா முழிச்சிருக்கே, கொஞ்சம் படு, நான் பாத்துக்கறேன்" என்று நான்தான் சொன்னேன். செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்ப் படுத்தாள்.

அந்தச் சுவர்தான் முதலில் போயிருக்கிறது. மாடி அந்த அறை மேலேயே இறங்கிவிட்டது. கடைப் பக்கம் நின்றது. உன் அத்தான் கடையில் இருந்தார். கடைக்கண்ணாடி அத்தனையும் நொறுங்கிக் கிடக்க, அதன் மேலேயே தவழ்ந்து போய்க் கையாலேயே இடிபாட்டைத் தோண்டியிருக்கிறார். பக்கத்துக் கட்டடத்தில் ஒரு ஜன்னல்கூடப் போகவில்லை. அந்த மேஸ்திரியும் அவருடைய ஆட்களும் ஓடிவந்து சாயங்காலம் வரை தோண்டினார்கள். பாப்பாவை வெளியே எடுத்தபோது மேஸ்திரிதான் தன் சட்டையைக் கழற்றிப் போர்த்தினார். அவர்களை என்ன சொல்ல?

இப்போது ஆஸ்பத்திரிக் குடியிருப்பில் ஓர் அறையில் இருக்கிறோம். வாண்டு அம்மா எங்கே என்று கேட்கிறாள். தூங்குகிறாள் என்று முதல் நாள் சொல்லிவிட்டேன். இப்போது அதை மாற்றிச் சொல்லத் தெரியவில்லை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஆஸ்பத்திரி அடுப்பில் போட்டுவிட்டேன். அவர் பார்க்கவில்லை. கண்ணாடி என்ற வார்த்தையை இதுவரை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் அவர் உயிரோடு இருக்க மாட்டார். அந்த மாதிரி முகங்களை நான் வார்டில் பார்த்திருக்கிறேன். எனக்கு அவர் மேல் ஆத்திரம் இல்லை என்று உனக்கு எழுத ஆசையாக இருக்கிறது. இருக்கிறது, தம்பி. தினமும் அவர் இரண்டு கைக்கும் மருந்து வைத்துக் கட்டுகிறேன். சில நாள் வேண்டுமென்றே அழுத்திவிடலாமா என்று வருகிறது. அப்போதெல்லாம் அவர் முகத்தைப் பார்க்காமல் கட்டி முடித்துவிடுவேன். ஆனால் குழந்தை அவரிடம்தான் தூங்குகிறாள். என்னிடம் வர மாட்டேன் என்கிறாள்.

நீ எனக்கு ஓர் உதவி செய். அத்தானுக்கு ஒரு கடிதம் எழுது. தப்பு உன் கணக்கில் என்று எழுது. யார் என்ன செய்திருந்தாலும் இது நடந்திருக்கும் என்று எழுது. நீ படித்தவன், நீ சொன்னால் நம்புவார். பொய் சொல்வதில் உனக்குச் சாமர்த்தியம் போதாது என்று தெரியும். இந்த ஒரு தடவை சொல்.

அக்கா


செப்டம்பர் 4

அன்புள்ள அத்தானுக்கு,

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க வாய் வரவில்லை. கைக்காயம் ஆறிவருகிறதா? லீவு கேட்டிருக்கிறேன், இன்னும் கிடைக்கவில்லை.

உங்களிடம் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நடந்தது முழுக்க என் தப்பு. நம் தெரு மண்ணைப் பற்றி நான் போட்ட கணக்கே தவறு. பக்கத்துக் கட்டடம் அந்த மண் வழியாக நம் வீட்டை எவ்வளவு ஆட்டும் என்பதைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டேன். அவ்வளவு பெரிய ஆட்டத்துக்கு எந்தப் பழைய சுவரும் நின்றிருக்காது, அதில் விரிசல் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

கண்ணாடி ஒட்டச் சொன்னதே அசட்டு யோசனை. அந்த மாதிரிச் சுவருக்குக் கண்ணாடி எதையும் காட்டாது என்று இப்போது இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். கண்ணாடி உடைந்திருந்தாலும் நான் பாப்பாவை வரச் சொல்லித்தான் இருப்பேன். ஆகவே கண்ணாடிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நீங்கள் எதையும் மனதில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். குற்றவாளி நான். என்னை மன்னிக்க வேண்டும்.

வாண்டுக்கு என் முத்தம்.

தம்பி


செப்டம்பர் 26

மாப்பிள்ளைக்கு,

கட்டுப் போட்ட கையால் எழுதுகிறேன், எழுத்து கோணிக்கொண்டு போகும். காயம் ஆறிவருகிறது. உன் இருமல் எப்படி இருக்கிறது?

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். இந்த அறையில் நானும் உன் அக்காவும் இதுவரை கண்ணாடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. உனக்கும் நான் எழுதியதில்லை. யாரும் கேட்காத கேள்விக்கு நீ பக்கம் பக்கமாகப் பதில் எழுதியிருக்கிறாய். அப்படியானால் உனக்குத் தெரியும். உனக்குத் தெரிந்தால் அவளுக்கும் தெரியும்.

முதல் துண்டு, ஒட்டின வாரமே போய்விட்டது. என் வெட்டில்தான் கோளாறு என்று நினைத்தேன். விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத பிசிறு இருந்தால் கண்ணாடி தானாகவே உடையும், தொழிலில் சகஜம். என் வெட்டுக் கோளாறுக்காக என் பெண் வர முடியாமல் போகக் கூடாதே என்று வேறு வைத்தேன். இரண்டாவது போனபோதும் கண்ணாடி வெட்டுகிற வைரமுனை மழுங்கிவிட்டது என்று சொல்லிக்கொண்டு புதிது வாங்கினேன். அப்புறம் உடைந்ததற்கெல்லாம் எனக்குச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்கவில்லை. குழந்தையின் கை வீங்கியிருந்தது என்ற கடிதம் மட்டும் சட்டைப்பையில் இருந்தது. அன்றைக்கு விடிகாலை ஆட்டத்தில் மூன்றும் சேர்ந்து போயின. முன்பே வெட்டி வைத்திருந்த துண்டுகளை எடுத்து, உன் அக்கா படியிறங்கி வருவதற்குள் மாற்றி முடித்தேன். சிமென்ட் ஈரமாகவே இருந்தது. விளக்கைப் போடவில்லை.

நீ நல்ல மனதோடுதான் எழுதினாய். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

தினமும் சாயங்காலம் உன் அக்கா என் கையைப் பிடித்துக் கட்டைப் பிரித்து மருந்து வைக்கிறாள். அவளுக்குத் தெரியாது என்று நினைத்துத்தான் இத்தனை நாளும் கையை நீட்டினேன். இன்றைக்கும் வருவாள். எப்படி நீட்டுவது என்று தெரியவில்லை.

அவளுக்கு டூட்டி முடிகிற நேரமாகிவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அத்தான்